ஆதிரை மங்கிய மார்கழி

1689-ஆம் ஆண்டு டிசம்பரில் புதுச்சேரியின் வானத்தில் ஒரு வால்வெள்ளி தெரிந்தது. சயாம் நாட்டில் முந்தைய ஆண்டு நடந்த அரசியல் கலகத்தால் அங்கிருந்து வெளியேறி, புதுச்சேரியில் வந்து தங்கியிருந்த பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ அதைத் தன் பன்னிரண்டு அடித் தொலைநோக்கியால் கவனித்து வந்தார். விடியலுக்கு முன் தென்கிழக்கே தாழ்வாக எழும் சென்டாரஸ் கூட்டத்தில் மிகப் பிரகாசமான ஒரு விண்மீன் உண்டு. வால்வெள்ளியைத் தேடிப்போன தொலைநோக்கி அதன்மேலும் நின்றது. ஒற்றை என்று எல்லாரும் நினைத்திருந்த அந்த மீன், ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரண்டு மீன்கள் என்று ரிஷோ கண்டார். கண்டதை எழுதிப் பாரிசுக்குத் தெரிவித்தார்.

ஆல்பா சென்டாரி என்ற அந்த மீன் இரட்டை விண்மீன் என்ற செய்தி உலகத்துக்கு முதன்முதலில் போனது புதுச்சேரியிலிருந்துதான். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் குடும்பம் அதுவே என்பது ரிஷோவுக்குத் தெரியாது. நன்னம்பிக்கை முனையில் தாமஸ் ஹெண்டர்சன் எடுத்த அளவுகளைக் கொண்டு அதன் தொலைவு 1839-இல்தான் வெளியானது. அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ எண்பது ஆண்டு ஆகும் என்பதும், மூன்றாவதாக மங்கலான ஒரு துணை உண்டு என்று 1915-இல் தெரியவரும் என்பதும் அவர் கனவிலும் இல்லாதவை. இங்கே இரண்டு மீன்கள் இருக்கின்றன என்று மட்டும் எழுதினார். மற்றதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

இந்தச் செய்தியை நான் முதன்முதலில் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. வானத்தில் புதிதாக ஒன்று தெரிந்தால், இது எதற்காக வந்தது, யாருக்கு என்ன சொல்கிறது என்று கேட்பது பக்தியா? அல்லது கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டு, அதன் பொருள் நமக்குத் தெரியாது என்று நிற்பது பக்தியா? நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசற்படி தாண்டியதில்லை. அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்கிற எனக்கு இது புத்தகக் கேள்வி இல்லை.

எனக்கு ஊர் இடையஞ்சாவடி. ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது இந்த மேட்டில் செம்மண்ணும் பனையும் மழை அறுத்த பள்ளங்களும்தான் இருந்தன என்று அம்மா சொல்வாள். அங்கே கன்று நடப் போன பெண்களில் அவளும் ஒருத்தி. குடத்தில் தண்ணீர் சுமந்து ஒவ்வொரு குழிக்கும் ஊற்றியிருக்கிறாள். இன்றைக்கு அது காடு. அந்தக் காட்டை நான் நேசிக்கிறேன். ஆனால் அடிவானம் பார்க்க வேண்டுமென்றால் அங்கே முடியாது. மரம் மறைக்காத இடத்திலும் தெற்கே புதுச்சேரியின் வெளிச்சம் வானத்தை வெளுத்து வைத்திருக்கிறது. ரிஷோ இரட்டையாகக் கண்ட விண்மீன் எங்கள் அட்சரேகையில் அடிவானத்துக்கு மேலே பதினேழு பாகைதான் ஏறும். அந்த வெளிச்சத்துக்கு மேலே தப்பித் தவறித்தான் தெரியும்.

அதனால் நான் மரக்காணத்துக்குப் போகிறேன். அப்பாவின் ஆட்கள் அங்கே உப்பளத்தில் வேலை செய்தவர்கள். இன்னும் இரண்டு அண்ணன்மார் பாத்தி கட்டுகிறார்கள். கழுவேலிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் அந்த வெளியில் மரம் கிடையாது, தெருவிளக்கு கிடையாது. கோடையில் வெயில் தாங்காது என்பதால் உப்பு வாருகிறவர்கள் இருட்டோடு இருட்டாகவே இறங்கிவிடுவார்கள். விடிவெள்ளி எந்த மாதம் எங்கே நிற்கும் என்று பஞ்சாங்கம் பார்க்காமல் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். மோட்டார் கொட்டாய்ப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டால் வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்றும் திறந்து கிடக்கும். ஆரோவிலில் நெடுநாள் வாழ்ந்து மறைந்த ஒரு டச்சுப் பெரியவர் தந்த இருகண் நோக்கியும் ஒரு சிவப்பு டார்ச்சும் நோட்டுப்புத்தகமும்தான் என் கருவிகள்.

அந்தப் பெரியவர் கற்றுக்கொடுத்த வேலை இதுதான்: ஒளி மாறும் விண்மீன்களைப் பார்த்து, பக்கத்தில் ஒளி மாறாத இரண்டு மீன்களோடு ஒப்பிட்டு, இந்த இரவு இத்தனை மணிக்கு இதன் பிரகாசம் இவ்வளவு என்று எழுதி அனுப்புவது. அமெரிக்காவில் 1911-இல் தொடங்கிய மாறு விண்மீன் நோக்கர் சங்கம் ஒன்று உலகம் முழுவதிலிருந்தும் இந்தக் குறிப்புகளை வாங்கிச் சேர்த்து வைக்கிறது. பேராசிரியரும் அனுப்பலாம், என்னைப் போன்றவளும் அனுப்பலாம். எண் பெரிதாக ஆக ஒளி குறையும் என்ற கணக்கில் இந்தப் பிரகாச அளவுகோல் இருக்கும். ஐந்து படிக்கு நூறு மடங்கு என்று 1856-இல் அதை வரையறுத்த நார்மன் போக்சன், பின்னர் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்துக்கு அரசு வானியலாளராக வந்து, 1891-இல் சென்னையிலேயே இறந்தவர். உலகத்து விண்மீன்களை எல்லாம் இன்றைக்கும் அளக்கிற கோல் அது.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதன் ஒழுக்கம். பார்ப்பதற்கு முன் மற்றவர்கள் என்ன எண் அனுப்பினார்கள் என்று பார்க்கக் கூடாது. போன முறை நான் என்ன எழுதினேன் என்பதையும் நினைக்கக் கூடாது. இப்படி இருக்கும் என்று எதிர்பார்த்தால் கண் அப்படியே காட்டிக் கொடுத்துவிடும். நிலா பக்கத்தில் இருந்தால் அதைக் குறிக்க வேண்டும். மெல்லிய மேகம் இருந்தால் குறிக்க வேண்டும். தேடிய மீன் தெரியவில்லை என்றால், எந்த அளவு மங்கலான மீன்வரை அன்றைக்குத் தெரிந்தது என்று எழுதி, அதைவிடவும் மங்கல் என்று அனுப்ப வேண்டும். தெரியவில்லை என்பதும் ஒரு செய்தி.

வடமுடி என்று படத்தில் போட்டிருக்கும் கூட்டத்தில் சுமார் 3,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு விண்மீன் உண்டு. 1866-இலும் 1946-இலும் திடீரென்று வெடித்துக் கண்ணுக்குத் தெரிந்த மீன் அது. ஏறத்தாழ எண்பது ஆண்டுக்கு ஒருமுறை வெடிக்கும் அது 2024-இல் வெடிக்கக்கூடும் என்றார்கள். அந்த ஆண்டு வெடிக்கவில்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கண்கள் அதைப் பார்த்து, இல்லை, இன்றும் இல்லை என்று எழுதின. நானும் எழுதினேன். புதுச்சேரிக்கு இந்தக் காத்திருப்பு புதிதும் இல்லை. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து கிளம்பிய கியோம் லெ ஜான்தி 1761-இல் வந்துசேர்வதற்கு முன்பே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஊருக்கு வர முடியாமல் நடுக்கடலில் கப்பலிலிருந்தே பார்த்தார். ஆடுகிற கப்பலில் அளவு எடுக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்து, 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் தொலைநோக்கியோடு நின்றார். மேகம் மூடிக்கொண்டது. அவர் அதையும் எழுதி வைத்தார். வானியலில் அவர் பெயர் நிலைத்தது, பார்க்க முடியாமல் போனதை மறைக்காமல் எழுதியதாலும்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நம் மரபில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. புறநானூற்றின் 229-ஆம் பாட்டு. கூடலூர் கிழார் ஒரு பங்குனி நள்ளிரவில் விண்மீன் ஒன்று எரிந்து விழுவதைக் கண்டார். எந்த நாள்மீன் எங்கே நின்றது, எது உச்சியிலிருந்து சாய்ந்தது, எது கிழக்கே ஏறியது என்று அன்றைய வானத்தையே வரைந்து காட்டிவிட்டுத்தான் விழுந்த மீனைப் பற்றிச் சொல்கிறார். எந்த நோக்கரும் பொறாமைப்படும் குறிப்பு அது. பிறகு அவருக்கும் மற்றவர்க்கும் நெஞ்சு நடுங்குகிறது: அரசனுக்கு ஏதோ ஆகப்போகிறது. ஏழாம் நாள் சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான்.

இந்தப் பாட்டை நான் வகுப்பில் ஒருபோதும் மூடநம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னதில்லை. அந்தப் புலவரின் கண் உண்மையானது, அவருடைய துக்கம் அதைவிட உண்மையானது. ஆனால் கண்ணையும் துக்கத்தையும் கட்டிய முடிச்சை நான் ஒப்புக்கொள்ள முடியாது. ஒவ்வொரு இரவும் மீன்கள் எரிந்து விழுகின்றன. உப்பளத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நாலைந்து பார்க்கலாம். அரசன் சாகாத இரவுகளில் விழுந்த மீன்களுக்குப் பாட்டு எழுதப்படவில்லை. நிமித்தம் பார்க்கிறவர் பலித்ததை மட்டும் நினைவில் வைக்கிறார். நோக்கர் பலிக்காத இரவையும் எழுத வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றும். என் அனுபவத்தில் அதுதான் எல்லாம்.

2019 கடைசியில் இந்தக் கேள்வி என் வாசலுக்கே வந்தது.

திருவாதிரை மீனை அறியாத சைவர் இல்லை. சிவபெருமானுக்கு உரிய நாள்மீன். மார்கழியில் முன்னிரவிலேயே கிழக்கே செம்மையாக ஏறும். ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ் என்பார்கள். சூரியனைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு குறுக்களவு கொண்ட முதிய செம்மீன். அதன் ஒளி எப்போதும் கொஞ்சம் கூடிக் குறைந்துகொண்டிருக்கும். சாதாரணமாக 0.5 என்ற அளவை ஒட்டி நிற்கும். அந்த அக்டோபரில் இறங்கத் தொடங்கியது. பல ஆண்டுகளாக அதை அளந்து வந்த எட்வர்ட் கினன், ரிச்சர்ட் வாசட்டானிக் என்ற இரண்டு அமெரிக்கர்கள், இதுவரை நாங்கள் அளந்ததில் இவ்வளவு மங்கியதில்லை என்று டிசம்பரில் வானியலாளர்களுக்கான தந்திச் சேவையில் அறிவித்தார்கள். உடனே தொலைக்காட்சிகள் பிடித்துக்கொண்டன: ஆதிரை வெடிக்கப் போகிறதா? முதிய செம்மீன் ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது. அது நாளையாக இருக்கலாம், லட்சம் ஆண்டு கழித்தும் இருக்கலாம்.

நான் அதை மரக்காணத்திலிருந்து பார்த்தேன். வழக்கமாக ரோகிணியைவிடப் பிரகாசமான ஆதிரை ரோகிணிக்குக் கீழே போயிருந்தது. அந்த மாதம் நான் நோட்டில் எழுதிய எண் 1.4. கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெறும் கண்ணுக்கே, ஆதிரை தோளாக நிற்கும் வேட்டைக்காரன் கூட்டத்தின் முகம் மாறியிருந்தது. ஒரு தோள் இறங்கிப்போன மாதிரி இருந்தது. எண்ணை அனுப்பிவிட்டு வெகுநேரம் அங்கேயே இருந்தேன். அறிவியல் படித்தவள்தான். ஆனாலும் சின்ன வயதிலிருந்து கையெடுத்துக் கும்பிட்ட மீன் அது. அது மங்கும்போது உள்ளே ஏதோ பிசைந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

2020 ஜனவரி 10 ஆருத்ரா தரிசனம். விடியற்காலை நடராசருக்கு அபிஷேகம் ஆகிக்கொண்டிருந்தது. மேற்கே நிலவு முழுமைக்கு ஒரு நாள் குறைவாக, ஆதிரைக்குப் பக்கத்திலேயே நின்றது. பிராகாரத்தில் களி வாங்க வரிசையில் நின்ற ஒரு ஆயா என் கையைப் பிடித்தாள்.

"இன்னாம்மா டீச்சரு, ஆதிரை மீனு மங்கிப் போச்சுன்னு டிவில சொல்றாங்களே, நெசமா?"

"நெசந்தான் ஆயா. நானும் பாத்தேன்."

"சாமிக்கு எதுனா கொறையா? ஜனங்க செஞ்ச குத்தமா?"

"ஏன் மங்குதுன்னு இன்னும் யாருக்கும் தெரியல ஆயா. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க."

கொஞ்ச நேரம் மேற்கே பார்த்தாள். "சரி, அதுக்கும் சேத்து வேண்டிக்கிறேன்" என்றாள்.

என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக உயர்ந்த சமய வாக்கியங்களில் அது ஒன்று. எனக்கு என்ன வரும் என்று அவள் கேட்கவில்லை. மங்குகிற மீனுக்காக வேண்டிக்கொண்டாள். சைவ சித்தாந்தம் மும்மலங்களில் ஆணவத்தைத்தான் மூலமலம் என்கிறது. உயிரோடு ஒட்டிப் பிறந்து, நான், எனது என்று எல்லாவற்றையும் தன்பக்கம் திருப்பிக்கொள்ளும் இருள் அது. வானத்தில் நடப்பதெல்லாம் எனக்கான செய்தி என்று நினைப்பது பக்தியின் மொழியில் பேசும் ஆணவம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆதிரையிலிருந்து நமக்கு வரும் ஒளி கிளம்பி ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. ரிஷோ புதுச்சேரிக்கு வருவதற்கு முன்பே அந்த மங்கல் நடந்து முடிந்துவிட்டது. இதைச் சொன்னால், இறைவனுக்குக் காலம் ஏது, அன்றைக்கே இன்றைக்கானதை அனுப்பியிருக்கக் கூடாதா என்று விசுவாசி கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொலைவைச் சொல்லி அதை வாயடைக்க முடியாது. நான் கேட்பது வேறு: அவ்வளவு பெரிய மீனை என் வீட்டுக் கதவைத் தட்டும் தபால்காரராக ஆக்கினால், பெருமை சிவனுக்கா எனக்கா?

பிறகு மார்ச் வந்தது. ஊரடங்கு வந்தது. "அன்னைக்கே ஆதிரை காட்டிச்சு, நீங்கதான் நம்பல" என்று தொலைபேசியில் சொன்ன உறவினர்கள் உண்டு. பயந்துபோயிருந்த மனிதர்கள் அவர்கள். அவர்களோடு நான் வாதாடவில்லை. என் நோட்டைத் திறந்து படித்துக் காட்டினேன். பிப்ரவரி நடுவில் 1.6. அதுதான் அடிமட்டம். அதன்பின் ஏறத் தொடங்கியது. நோய் ஊரெங்கும் பரவி, நாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏப்ரலில் ஆதிரை தன் பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது. நான் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தேன். மீன் சொன்ன செய்தி என்று கொள்வதானால் ஏப்ரலில் அது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை. மங்கியதைப் பார்த்தவர்கள் பலர், மீண்டதை எழுதி வைத்தவர்கள் சிலர்.

மங்கியதன் காரணம் பின்னால் தெரிந்தது. 2019-இல் அந்த மீன் தன் மேற்பரப்பிலிருந்து பெரிய அளவில் வாயுவைத் துப்பியது. அது ஆறி, தூசியாக உறைந்து, நமக்கும் அதற்கும் நடுவே திரைபோல நின்றது. ஹபிள் தொலைநோக்கியின் பதிவுகளும், சிலியிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு 2021-இல் வெளியான ஆய்வும் அதைத்தான் காட்டின. இந்த முடிவுக்கு வர விஞ்ஞானிகளுக்குக் கை கொடுத்தவற்றில் உலகெங்கிலுமிருந்து வெறும் கண்ணால் பார்த்துப் பலர் அனுப்பிய எண்களும் சேர்த்தி. அவர்களில் யாருக்கும் எழுதிய அன்றைக்குக் காரணம் தெரியாது.

காரணம் தெரிந்தபின் ஆதிரை எனக்குச் சிறுத்துப்போகவில்லை. தில்லையில் திரையை விலக்கிக் காட்டும்போது அங்கே உருவம் இல்லை. பொன் வில்வமாலை தொங்கும் வெளிதான் இருக்கிறது. அந்த வெளியைப் பார்த்துக் கும்பிடுகிறோம். அது நமக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று யாரும் அங்கே நின்று கேட்பதில்லை. அந்த மனத்தோடு வானத்தையும் பார்க்க முடியும் என்றுதான் நான் சொல்கிறேன்.

இதில் எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு வழக்கும் இருக்கிறது. வானத்தில் கண்டது பெரிதா, முன்னோர் சொன்ன கணக்கு பெரிதா என்பது. 1825-இல், முன்பு சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். அவர் தரையில் உட்கார்ந்து சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை மட்டும் கொண்டு, அந்த மே 31 இரவுக்குரிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஏடு இல்லை, எழுத்து இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை நாலு நிமிடம். நடுவில் இருபத்து மூன்று, முடிவில் ஐம்பத்து இரண்டு. நூற்றாண்டுகள் தாண்டி வாய்மொழியாக வந்த கணக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றதை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். ஆனால் அந்த ஐம்பத்து இரண்டு நிமிடத்தை என்ன செய்வது?

அந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை வானாய்வகத்தில் போக்சனின் முதல் உதவியாளர் ஆனவர். 1867-இல் தென்வானத்தில், சென்னை அடிவானத்துக்குமேல் பதினாலு பாகை மட்டுமே ஏறும் ரெட்டிகுலம் கூட்டத்தில், ஒரு மீன் ஒளி மாறுவதைக் கண்டு சொன்னார். இன்றைக்கு ஆர் ரெட்டிகுலி என்று அழைக்கப்படும் அந்த மீன், நவீன காலத்தில் ஓர் இந்தியர் செய்த முதல் வானியல் கண்டுபிடிப்பாக எண்ணப்படுகிறது. 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்வானார். 1874 டிசம்பர் 9-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதற்கு முன்பு, அதை மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கைக் கண்ணால் கண்டதோடு பொருத்தித் திருத்த வேண்டும் என்று கடைசிவரை வாதாடி, திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் கொண்டுவந்தார். 1880-இல் இறந்தார். அவர் தன் சமயத்தை விடவில்லை. சடங்கு சரியான நேரத்தில் நடக்க வேண்டும் என்ற அக்கறைதான் அவரை வானத்தைப் பார்க்க வைத்தது.

இன்றும் அந்த வழக்கு தீரவில்லை. சனி கும்ப ராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் வாக்கியப்படி சனிப்பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20. பதினோரு மாத இடைவெளி. லட்சக்கணக்கானவர் நளதீர்த்தத்தில் முழுகியது டிசம்பரில். அவர்களுடைய வழிபாடு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கூடி நின்று, முன்னோர் குறித்த நாளில் கும்பிடுவதற்கு அதற்கே உரிய நியாயம் உண்டு. ஆனால் அன்றைக்கு வானத்தில் சனி இங்கேதான் இருக்கிறது என்று சொன்னால் அது கண்ணுக்குத் தெரியும் பொருளைப் பற்றிய பேச்சு. அங்கே கண்டதுதான் முடிவு. விழா தேதியை மாற்றச் சொல்லவில்லை. வானத்தைப் பற்றிப் பேசும்போது வானத்தைப் பார்த்துப் பேசினால் போதும்.

1910-இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது பாரதி புதுச்சேரியில் இருந்தான். சாதாரண வருஷத்துத் தூமகேது என்று அதைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறான். கிழக்கே வெள்ளிக்குப் பக்கத்தில் தெரிந்ததையும், வால் மிக மெல்லிய வாயு என்று அறிஞர் சொல்வதையும், எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவதையும் குறித்துவிட்டு, உன் வரவால் உலகத்துக்குத் துன்பம் என்கிறார்களே, எங்களுக்குப் புதுமை விளையும் என்கிறார்களே, இதெல்லாம் உண்மையா பொய்யா என்று வால்வெள்ளியிடமே கேட்கிறான். நடுவில் ஒரு வேதனை. உன் இயல்பைப் பிறநாட்டார் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம், எங்களுக்குள் தெளிந்தவர் இல்லை என்கிறான். இந்த இடத்தில் மட்டும் மகாகவியோடு எனக்கு மனத்தாங்கல். ரகுநாதாச்சாரி இறந்து முப்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. சோழிக் கணக்கரின் பேரப்பிள்ளைகள் அதே புதுச்சேரித் தெருக்களில் நடமாடியிருக்கக்கூடும். தெளிந்தவர் இருந்தார்கள். அவர்கள் கண்டதை எடுத்துச் சொல்லி வைக்கும் பழக்கம்தான் நம்மிடம் அற்றுப்போயிருந்தது.

2024 செப்டம்பர் கடைசியில் சூச்சின்ஷான்–அட்லஸ் வால்வெள்ளி விடியலுக்கு முன் கடலுக்குமேல் தெரிந்தது. வரப்பில் நின்ற உப்பளத் தம்பி ஒருவரிடம் நோக்கியைக் கொடுத்தேன். "தொடப்பத்தத் தூக்கி வெச்ச மாதிரி கீது" என்றார். அடுத்த கேள்வி: "நல்லதாக்கா, கெட்டதா?" நூறு ஆண்டு கழித்தும் பாரதியின் கேள்விதான். 2023-இல் சீனாவின் ஊதாமலை வானாய்வகத்திலும் தென்னாப்பிரிக்காவிலுள்ள கருவியிலும் அது பிடிபட்டது, பனியும் தூசியும் கலந்த கட்டி, சூரியனிடம் நெருங்கி வந்து வெளியே போகிறது, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை தம்பி என்றேன். அவர் மறுநாள் தன் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அப்பர் பெருமான் திருவாரூரிலிருந்து திருப்புகலூருக்கு வந்தபோது, ஆரூரில் ஆதிரைத் திருநாள் எப்படி நடந்தது என்று சம்பந்தர் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் ஒரு பதிகமாகப் பதில் சொன்னார். விதானம், கொடி, கூடியிருந்த அடியார்கள் என்று கண்ணால் கண்டதை வரிசையாகச் சொல்லும் பதிகம் அது. கேட்டவருக்காகக் கண்டதைச் சொன்னார். கையில் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய அந்தக் கைகளுக்கு, கண்டதைப் பிழையில்லாமல் சொல்வதும் திருப்பணியாகவே இருந்திருக்கும். நோட்டில் எண் எழுதும்போது நான் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கும் இந்தப் பணி முடியும். வரும் மார்கழியில் கோயிலுக்குப் போவதற்கு முன்னால், மேகமில்லாத ஓர் இரவில், ஒன்பது மணிக்குமேல் கிழக்கே பாருங்கள். வேட்டைக்காரன் இடுப்பில் மூன்று மீன்கள் வரிசையாக நிற்கும். அதற்கு வடக்கே சிவப்பாக ஒளிர்வது ஆதிரை. இன்னும் மேலே, கார்த்திகைக்குப் பக்கத்தில், செம்மஞ்சளாக நிற்பது ரோகிணி. இரண்டில் எது பிரகாசம் என்று பாருங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள், ஆனால் உங்கள் விடையை முதலில் சொல்லிவிடாதீர்கள். தேதி, நேரம், ஊர், நிலா இருந்ததா இல்லையா என்பதோடு கண்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மேகம் மூடியிருந்தால், மேகம், தெரியவில்லை என்று எழுதுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் பாருங்கள்.